அப்பாவோட லேப்டாப்பும் கடைக்காரர் மெயில் ஐடியும்

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, அப்பாவோட பழைய மெஷின்ல டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் கிடையாது, அது இல்லாம விண்டோஸ் 11 ஏறாது, சரி விடுன்னு புதுசா ஒரு லேப்டாப் வாங்கிட்டோம். கடைக்காரர் "எல்லாம் செட் பண்ணி வச்சுட்டேன் சார், அப்படியே யூஸ் பண்ண வேண்டியதுதான்"னு கொடுத்தாரு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் திறந்து பார்த்தா முன்னபின்ன தெரியாத ஒரு மெயில் ஐடி உக்காந்திருக்கு! போன் பண்ணி கேட்டா எல்லா லேப்டாப்புக்கும் கடை ஐடியத்தான் போடுவாங்களாம், "அதனால என்ன சார், அப்புறமா மாத்திக்கலாம்"ங்கிறாரு.

என்னவா? விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போனா, புது மெஷின்கள்ல பெரும்பாலும் டிஸ்க் தானாவே என்க்ரிப்ட் ஆயிடும், அதாவது உள்ள இருக்கறதெல்லாம் பூட்டிக்கும், நம்மள ஒரு வார்த்தை கேக்காது. அதைத் திறக்கற 48 இலக்க ரெக்கவரி கீ அந்த அக்கவுண்ட்லதான் போய் சேவ் ஆகும். அதாவது பொட்டி எங்க வீட்ல, சாவி கடைக்காரர்கிட்ட. நாளைக்கு ஏதாவது பயாஸ் (மெஷினை ஸ்டார்ட் பண்ற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் ஆகி நீலக் கலர் ஸ்க்ரீன் வந்து கீ கேட்டா அப்பா அந்தக் கடைக்குத்தான் ஓடணும், கடை இருக்கணும், அந்த பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிற பையன் இன்னும் அங்க வேலையில இருக்கணும். இதுல ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டோட ஆன்லைன் ஸ்டோரேஜ்) பேக்கப்பும் ஆன்ல இருந்தா டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூணும் அதே அக்கவுண்டுக்குப் போயிடும். எங்க அப்பாவுக்கு டெஸ்க்டாப்தான் பீரோ, ஆதார் ஸ்கேன், பென்ஷன் பேப்பர், பாஸ்புக் எல்லாம் அங்கதான் கிடக்கும்.

அதனால செட்டிங்ஸ்ல ரிக்கவரி போய் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங் குடுத்து மொத்தத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து நானே உக்காந்தேன், இந்த தடவை அப்பாவோட ஐடி.

செட்டப்ல வரிசையா பிரைவசி கேள்வி வரும், நம்மாளுங்க அக்செப்ட் அக்செப்ட்னு தட்டிட்டுப் போயிடுவாங்க, அங்கதான் கொஞ்சம் நிக்கணும். லொக்கேஷன் வேணாம், அப்பா லேப்டாப் ஊஞ்சலைத் தாண்டிப் போகாது. ஃபைண்ட் மை டிவைஸ் லொக்கேஷன் இல்லாம வேலை செய்யாது, அதனால அதுவும் வேணாம் (வெளிய தூக்கிட்டு சுத்தறவங்க ரெண்டையும் ஆன்ல வைக்கறதுதான் நல்லது). டயக்னாஸ்டிக் டேட்டால (மெஷின் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பற தகவல்) "ரெக்வயர்ட் ஒன்லி" குடுங்க, ஆப்ஷனல் குடுத்தா எந்த ஆப்பை எப்படி யூஸ் பண்றோம், எட்ஜ்ல எந்த சைட் பாக்கறோம்ங்கற வரைக்கும் போகும். ரெக்வயர்டை ஹோம் எடிஷன்ல நிறுத்தவே முடியாது, அது எனக்கு இன்னமும் கடுப்புதான், காசு குடுத்து வாங்கின மெஷின் இல்லையா. டைப்பிங், டெய்லர்ட் எக்ஸ்பீரியன்ஸ் (நம்ம டேட்டாவை வச்சு டிப்ஸ், விளம்பரம் காட்டறது), அட்வர்டைசிங் ஐடி (ஆப்ஸ் நமக்கேத்த விளம்பரம் காட்ட யூஸ் பண்ற அடையாள நம்பர்) எல்லாத்துக்கும் நோ. ஏற்கனவே தட்டிட்டீங்கன்னாலும் பரவால்ல, செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டில போய் மாத்திக்கலாம்.

ஸ்டார்ட் மெனு சர்ச்தான் எனக்கு பிடிக்காத இன்னொண்ணு, நம்ம ஃபைலைத் தேட "பென்ஷன்"னு அடிச்சாலும் அது மைக்ரோசாஃப்டோட பிங் சர்ச் என்ஜினுக்கும் போகும். அதை நிறுத்த ரெஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸோட உள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கற இடத்துல, கை வைக்கணும், வச்சேன்.

ரீகால் பத்தி தம்பி பயந்துபோய் கேட்டான், அதான் மைக்ரோசாஃப்ட் 2024 மே மாசம் அறிவிச்சாங்களே, ஸ்க்ரீனை அப்பப்ப படம் புடிச்சு வச்சுக்குமே அது. அந்த டேட்டாபேஸை ஈஸியா படிக்க முடியுதுன்னு செக்யூரிட்டி ஆளுங்க கிழிகிழின்னு கிழிச்சதுக்கப்புறம் தள்ளிப்போட்டு, நாமளா ஆன் பண்ணாத்தான் வேலை செய்யும்னு மாத்தி 2025 ஏப்ரல்லதான் விட்டாங்க. அதுவும் கோபைலட் பிளஸ் பிசிக்கு, அதாவது ஏஐ வேலைக்குன்னே தனி சிப் வச்ச மெஷினுக்கு மட்டும். அப்பாவோடது சாதா மெஷின், விஷயம் முடிஞ்சுது.

கடைசியா அப்பாவோட அக்கவுண்ட்ல கீ வந்திருக்கான்னு பார்த்து, பிரிண்ட் எடுத்து அவர் கையில குடுத்து "பத்திரமா வையுங்கப்பா, யார்கிட்டயும் காட்டாதீங்க"ன்னேன். நேத்து சார்ஜர் தேடினப்ப பாக்கறேன், நாலா மடிச்சு லேப்டாப் பையிலயே வச்சிருக்காரு. கேட்டா "லேப்டாப் எங்க போகுதோ அங்கதானடா சாவியும் இருக்கணும்"ங்கிறாரு.