கருக்கி ஒருவழியா வாயைத் திறந்தாள்

நாவலுக்காகக் கணினியில் செய்துவரும் சின்ன விளையாட்டில், வசனம் எழுத்து எழுத்தாக விழும் உரையாடல் பெட்டி மூணு வார மல்லுக்கட்டுக்குப் பிறகு நேற்று ராத்திரி படிந்தது. கொம்பு குதிப்பதில்லை, புள்ளி பிந்துவதில்லை, பேசுகிற வேகத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கொஞ்சம் பீற்றிக்கொள்ள இடம் கொடுங்கள்.

நாவலில் மூன்று பேர். செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பனையேறி கருக்கி. கடல் விலகிப்போன கொற்கையில் இன்னமும் கப்பலுக்குக் காத்து நிற்கும் துறைக்காத்தான். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புக்குள்ளிருந்து எழுந்து வந்த சிறுமி சொப்பி. பெயரை மறைத்துவிட்டு வசனத்தைப் படித்தால் மூன்றும் ஒரே ஆள். அந்தக் குறையைப் பிடிக்கத்தான் கோடோ 4 என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் இந்தச் சின்ன விளையாட்டு: ஒரு தேரி, ஒரு பனை, 41 வரி வசனம். நடக்க வைப்பது, மோதல் பார்ப்பது எல்லாம் வழக்கம்போலத்தான், விட்டுவிடலாம். திரை 320-க்கு 180, நான்கு மடங்காகப் பெரிதாக்கியது. எழுத்து உயரம் 16 பிக்சல். அதற்குக் கீழே போனால் ‘ண்’ மேலிருக்கும் புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டி ‘ண’ ஆகிவிடும்.

தொல்லை முழுக்க எழுத்து ஒவ்வொன்றாக விழும் இடத்தில். எத்தனை எழுத்து தெரியவேண்டும் என்று கோடோவுக்குச் சொல்லும் விசிபிள் கேரக்டர்ஸ் என்ற எண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டினால் தமிழ் கந்தலாகிவிடும். அது எண்ணுவது எழுத்தை அல்ல, கணினி எழுத்தைச் சேமித்து வைக்கும் யூனிகோடு குறியை. ‘என்னவே’ நமக்கு நாலு எழுத்து, அதற்கு ஆறு. ‘ன’ முதலில் வந்து, அப்புறம் தலையில் புள்ளி முளைக்கும். ‘கொடு’ என்றால் ‘க’ வந்து நின்றபிறகு இடப்பக்கம் கொம்பு நுழைந்து அதைத் தள்ளும். வரிக் கடைசியில் பாதிச் சொல் வந்து, இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவுவது இன்னொரு கூத்து.

இரண்டு திருத்தம். முதலில், விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்ற அமைப்பை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ ஆக்குங்கள். முழு வரியையும் அடுக்கி முடித்துவிட்டு, அதில் எதுவரை காட்டுவது என்று மட்டும் பார்க்கும், தாவல் நின்றுவிடும். அடுத்து, கோடோவில் எழுத்து வேலையைப் பார்க்கும் டெக்ஸ்ட் சர்வரின் ஸ்ட்ரிங் கெட் கேரக்டர் பிரேக்ஸ் என்ற செயலிடம் வரியைக் கொடுத்தால் எழுத்து முடியும் இடங்களைப் பட்டியலாகத் தரும். ‘என்னவே’க்கு 1, 3, 4, 6. எண்ணை அந்தப் படிகளில் மட்டும் ஏற்றவேண்டும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் பட்டியலை நம்பாமல் கையால் சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை. வண்ணக் குறிகள் போட்ட ரிச் டெக்ஸ்ட் லேபிளில் மூல வரியைக் கொடுக்காதீர்கள், குறிகளையும் சேர்த்து எண்ணிக் கணக்கு சரிந்துவிடும். கெட் பார்ஸ்டு டெக்ஸ்ட் தரும் வெறும் வரியைக் கொடுக்கவேண்டும்.

இத்தனையும் ஆனபிறகும் பேச்சு தந்தியடிப்பது போலத்தான் இருந்தது. ஏனென்றால் எல்லா எழுத்துக்கும் ஒரே நேரம். ‘வெட்டு’ம் மூணு எழுத்து, ‘போனான்’ம் மூணு எழுத்து, வாயில் இரண்டும் ஒன்றா? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் கைநொடித்துப் படித்த மாத்திரைதான் மருந்து. ‘வெட்டு’ 1 + ½ + ½, கடைசி ‘டு’ குற்றியலுகரம், ஆக 2. ‘போனான்’ 2 + 2 + ½, ஆக 4½. ஒரு மாத்திரைக்கு 4 பிரேம் (திரை ஒருமுறை புதிதாக வரையப்படுவது ஒரு பிரேம்) வைத்தால் முன்னது 8 பிரேம், பின்னது 18. முன்பு இரண்டுமே 12 பிரேமில் ஓடிக்கொண்டிருந்தன.

நேரத்தை மில்லிசெகண்டில் வைக்காதீர்கள். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்டு, மாத்திரைக்கு 50 என்று வைத்தால் அரை மாத்திரை ஒன்றரைப் பிரேமாகி, மெய்யெழுத்து சிலசமயம் ஒன்றிலும் சிலசமயம் இரண்டிலும் விழும். காது உடனே பிடித்துவிடும். மாத்திரைக்கு 2, 4, 6 என்று இரட்டைப்படைப் பிரேம்தான் ஒத்துவரும். நேரம் எண்ணித்தரும் டைமர் நோடும் வேண்டாம், இவ்வளவு சின்ன இடைவெளியில் அது பிரேம் வேகத்துக்குத் தக்க ஆடும். பிரேமுக்கு ஒருமுறை ஓடும் பிராசஸில், போன பிரேமிலிருந்து கடந்த நேரமான டெல்டாவைச் சேர்த்துக்கொண்டே போய்க் கழிப்பதுதான் சுத்தம்.

எழுத்தின் கடைசிக் குறியைப் பார்த்தே தரம் பிரிக்கலாம்: புள்ளி என்றால் அரை, கால், சுழித்த கொம்புகள், இரட்டைக்கொம்பு என்று நெடில் குறி எதுவானாலும் இரண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கோப்பிலிருந்து ஒட்டிய வரிகளில் ‘ொ’ ஒரே குறியாக இல்லாமல் ‘ெ’, ‘ா’ என்று இரண்டாக இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணக்கோ காலைப் பார்த்து ‘கொ’வை நெடிலாக்கிவிடும். ஒ, ஓ, ஔ மூன்றின் குறிகளையும் முதலிலேயே ஒற்றைக் குறியாக மாற்றிவிடுங்கள். ‘கௌ’வை ‘கெள’ என்று தட்டியிருந்தால் மாத்திரை தற்செயலாக இரண்டே வரும், பார்க்கத்தான் அசிங்கம்.

ஐகாரம் தனியே நின்றால் இரண்டு, சொல்லுக்குள் வந்தால் ஒன்று. குற்றியலுகரத்துக்குச் சொல் கடைசியில் கு, சு, டு, து, பு, று இருக்கிறதா என்று பார்த்து, தனிக்குறிலை அடுத்து வந்தால் மட்டும் விலக்கு. ‘அது’, ‘பசு’ முழு மாத்திரை. ‘நாடு’, ‘பட்டு’ அரை.

சொப்பிக்கு மாத்திரைக்கு 2 பிரேம், கருக்கிக்கு 4, துறைக்காத்தானுக்கு 6. வேகம் மட்டும் மாறினால் போதும் என்றுதான் கணக்கு. ஓடவிட்டுப் பார்த்தால் வசனத்தையே மாற்றவேண்டி வந்தது. கருக்கியின் வரிகளில் நெடில் மண்டிக் கிடந்ததால் கருக்குமட்டை போல அறுக்கவேண்டியவள் இழுத்து இழுத்துப் பேசினாள். இப்போது அவளுக்கு வல்லின மெய்யும் குற்றுகரமும்தான்: “ஏல, எட்டிப் பிடி. விட்டா எலும்பு மிஞ்சாது.” துறைக்காத்தானுக்கு நெடில் தாராளம்: “என்னவே, கடலு வாரேன்னு சொல்லிட்டுல்லா போச்சு. நானும் பாத்துக்கிட்டேதான் நிக்கேன்.” நாவலின் மூன்று அத்தியாயங்களிலும் இந்த வசனங்களையே திரும்பப் போட்டாயிற்று. பெயரை மறைத்தாலும் இனி ஆள் தெரியும்.

ஒலிக்கு வில்லுப்பாட்டுச் சாமான்கள். 2015-இல் வந்த அண்டர்டேல் என்ற கணினி விளையாட்டில் ஆளுக்கொரு பேச்சொலி இருக்கிறதல்லவா, அந்த வழிதான். துறைக்காத்தானுக்குக் குடம், சொப்பிக்கு வில்மணி, கருக்கிக்கு மட்டும் கலயத்தை நகத்தால் சுண்டியது. ஒவ்வொன்றும் 40 மில்லிசெகண்டுக்கு நறுக்கி, முனையில் 5 மில்லிசெகண்டு ஒலியைத் தேயவிட்டது. தேயவிடாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்துக்கு ஒலி கிடையாது. சுருதியை ஒவ்வொரு தடவையும் 0.95-இலிருந்து 1.05 மடங்கு வரை கலைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் தையல் மிஷின்.

குடம் வாங்குகிறவர்கள் காருகுறிச்சிப் பக்கம் போனால் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து எடுங்கள். நன்றாக வெந்தது ‘டங்’கென்று நிற்கும், கீறல் விட்டது ‘டொப்’பென்று அமுங்கும். அழகு பார்த்து வண்ணம் பூசியதை எடுத்தால் ஒலி செத்துப்போகும்.

அடுத்த வசனத்துக்குப் போகும் பொத்தானின் பெயர் ‘ஆமா’. புலவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டால்தானே கதை நகரும்? முதல் அழுத்தலில் வரி முழுதும் தெரியும், இரண்டாவதில் நகரும்.

கருக்கி பனை ஏறும் ஆறு பிரேம் படம் இன்னும் பாக்கி. தளைநாரில் கால் பின்னியிருப்பது 16 பிக்சல் அகலத்தில் சேலைக்கரை போலத் தெரிகிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் மூணு தடவை வரைந்தாயிற்று. அதை முடிக்காமலே அளபெடைக்குத் தாவியாச்சு என்பது வேறு விஷயம்: தேரிக்கு அந்தப் பக்கமிருந்து சொப்பி “எக்காஅஅ” என்று கூப்பிடவேண்டும். நெடிலுக்குப் பின் வரும் இன உயிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை கூட்டுவது சுலபம். ஆனால் சொப்பியின் இரண்டு பிரேம் வேகத்தில் அந்த அழைப்பு தேரியைத் தாண்டுவதற்குள் முடிந்துபோகிறது. கூப்பாட்டுக்கு மட்டும் அவளை 6 பிரேமுக்கு மாற்றினால் குரல் துறைக்காத்தானுடையதாகிவிடுகிறது. இப்போதைக்கு 4-இல் நிறுத்தி வைத்திருக்கிறது.