775 போர்டில் சர்வர் பிராசசர்: ஸ்டிக்கர் ஒட்டும் முன் பார்க்க வேண்டியவை

இன்டெலின் 775 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) கொண்ட ஜி31, ஜி41 போர்டு போட்ட கம்ப்யூட்டர்கள் இன்னும் பல டிடிபி கடைகளிலும் பில்லிங் கவுண்டர்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே பெரும்பாலும் பென்டியம் டூயல் கோர், இல்லையென்றால் கோர் 2 டூயோ. சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் பிராசசரில் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி இதே போர்டில் மாட்டினால் நாலு கோர் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலை கைகூடுமா கூடாதா என்பது ஸ்டிக்கரின் கையில் இல்லை. சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் போர்டுச் சில்லு; ஜி31, ஜி41 என்பவை அதன் பெயர்கள்), பயோஸ் (மெஷினைத் தொடங்கிவைக்கும் நிரல்), பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி (விஆர்எம்) ஆகிய மூன்றின் கையில்தான் இருக்கிறது. அதனால் முதலில் போர்டைப் பாருங்கள், பிறகு பிராசசர் வாங்குங்கள்.

அடாப்டர் வைத்துப் பிராசசர் மாற்றுவது புதிய வழக்கம் அல்ல. 1990களின் கடைசியில், நீளத் துளையில் பிராசசரைச் செருகும் ஸ்லாட் 1 போர்டுகளில் சாக்கெட் 370 வகைப் பிராசசரை மாட்ட 'ஸ்லாட்கெட்' என்ற கார்டு வந்தது. அங்கும் கார்டைச் செருகுவது ஒரு நிமிட வேலை. வோல்டேஜ் ஜம்பரும் பயோஸும் ஒத்துவருவதில்தான் சிக்கல் இருந்தது.

775 சாக்கெட்டை இன்டெல் 2004இல் கொண்டுவந்தது. இரண்டு பிராசசர் போடும் சர்வர்களுக்கான 771 சாக்கெட் 2006இல் வந்தது. இரண்டும் போர்டோடு பேசும் பாதையான பஸ் (எஃப்எஸ்பி) ஒன்றே. இந்த மாற்றத்துக்குக் குறுக்கே நிற்பவை இரண்டு: 771இல் இரண்டு தொடுமுனைகள் இடம் மாறியிருக்கும், பிராசசரின் விளிம்பில் உள்ள வெட்டுகளும் வேறு இடத்தில் இருக்கும். ஸ்டிக்கரில் இருக்கும் மெல்லிய செம்புக் கோடுகள் அந்த இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கொடுக்கின்றன. அது செய்யும் வேலை அவ்வளவுதான்.

அதிகம் புழங்குவது ஜியான் இ5450. 3.0 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்), 1333 எஃப்எஸ்பி. டெஸ்க்டாப்பில் இதற்கு இணை கோர் 2 குவாட் க்யூ9650. சர்வர்கள் மொத்தமாகக் கழிக்கப்பட்டதால் ஜியான் மலிவாகக் கிடைத்தது. இ5450 80 வாட் பிராசசர். எக்ஸ்5460 போன்றவை 120 வாட். அவற்றை ஹீட்சிங்க் இல்லாத மூன்று ஃபேஸ் விஆர்எம் கொண்ட சின்ன போர்டில் மாட்டக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு விஆர்எம்மின் மாஸ்ஃபெட் சில்லுகள் சூடேறி மெஷின் தானாக அணையும், ஒரு நாள் கருகும். போர்டு எளிமையானது என்றால் 50 வாட் எல்5420 நல்ல தேர்வு. வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் நாலு கோரும் 12 எம்பி கேஷும் அப்படியே இருக்கும்.

சிப்செட்டில் பி35, பி45, ஜி41 ஆகியவை நம்பிக்கையானவை. 945 போர்டு என்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம். ஜி31 கொஞ்சம் இழுபறி. அதன் அதிகாரபூர்வ எஃப்எஸ்பி 1066 வரைதான். 1333 பல போர்டுகளில் ஓவர்கிளாக் (வரம்பைத் தாண்டி ஓட்டுவது) கணக்கில்தான் வரும். இ5450இன் மல்டிபிளையர் (பஸ் வேகத்தைப் பெருக்கும் எண்) 9. எஃப்எஸ்பி எண்ணில் கால் பங்குதான் பஸ்ஸின் அடிப்படை வேகம். பஸ் 333இல் ஓடினால் 3.0 வரும், 266இலேயே நின்றால் 2.4தான் வரும். மூன்று என்று வாங்கியது 2.4 காட்டினால் போலிச் சரக்கு என்று முடிவு கட்டாமல் பயோஸில் இதைப் பாருங்கள். கம்பெனி பிராண்ட் மெஷின்களில் பல, தெரியாத பிராசசர் என்று சொல்லி பூட் ஆகாமலே நின்றுவிடும். அவற்றில் கை வைக்கும் முன் அதே மாடலில் வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது அவசியம்.

அடுத்தது மைக்ரோகோட், அதாவது பயோஸ் பிராசசருக்குள் ஏற்றும் திருத்த நிரல். 'என் போர்டு க்யூ9650ஐ ஆதரிக்கிறது, ஜியானும் ஓடும்தானே' என்று பலரும் கேட்பார்கள். இ0 ஸ்டெப்பிங்கில் (பிராசசரின் திருத்தப் பதிப்பு) இரண்டின் சிபியுஐடியும் (அடையாள எண்) 1067ஏ என்றே இருக்கும். ஆனால் மைக்ரோகோடில் பிளாட்ஃபார்ம் குறி என்று ஒன்று உண்டு. டெஸ்க்டாப்புக்கும் சர்வருக்கும் அது வேறு. டெஸ்க்டாப் மைக்ரோகோடை ஜியான் ஏற்றுக்கொள்ளாது. மைக்ரோகோட் இல்லாமலும் பல போர்டுகளில் பூட் ஆகும், ஆனால் எஸ்எஸ்இ4.1 என்ற கட்டளைத் தொகுப்பு காணாமல் போகும், ஓய்வில் வேகம் இறங்காது, பூட் ஆகும்போது எச்சரிக்கை வரும். இ5450இல் எஸ்எல்ஏஎன்க்யூ என்று பொறித்திருந்தால் சி0 (10676), எஸ்எல்பிபிஎம் என்றால் இ0 (1067ஏ). இரண்டாவதைத் தேடி வாங்குங்கள்.

பயோஸ் கோப்பில் மைக்ரோகோடைச் சேர்க்க ஏஎம்ஐ பயோஸுக்கு எம்எம்டூல், அவார்டு பயோஸுக்கு சிபிராம் என்ற மென்பொருள்கள் உண்டு. இருக்கும் பயோஸை முதலில் சேமித்து வையுங்கள். மாற்றிய பயோஸை, பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே, யுபிஎஸ் இணைப்பில் எழுதுங்கள். பயோஸ் சிப், சாக்கெட்டில் செருகிய எட்டுக் கால் வகையா, சால்டர் செய்ததா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. எழுதும்போது கரன்ட் போனால் சிப்பில் வெளியிலிருந்து நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர் கருவிதான் காப்பாற்றும்.

விளிம்பு வெட்டு விஷயத்தில் என் விருப்பம், வெட்டும் ஸ்டிக்கரும் முன்பே போட்டு விற்கும் பிராசசர். அதில் சாக்கெட் அப்படியே இருக்கும். சரிவராவிட்டால் பழைய பிராசசர் திரும்ப உட்காரும். வெட்டாத பிராசசர் என்றால் சாக்கெட்டின் இரண்டு பிளாஸ்டிக் மேடுகளைக் கூரிய பிளேடால் சீவ வேண்டும். போர்டை நிமிர்த்திப் பிடித்து, பின்களுக்கு எதிர்ப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். துண்டு பின்களுக்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. மேடு போய்விட்டால் பிராசசர் நான்கு பக்கமும் உட்காரும், தவறான பக்கத்தில் உட்கார்வதைத் தடுக்க எதுவும் இருக்காது. ஆகவே சரியான திசையை மார்க்கரால் குறித்துவிட்டுச் சீவத் தொடங்குங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டும் முன் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். ட்வீசரால் பிடித்து, நல்ல வெளிச்சத்தில், முனைகளோடு நேராக வைத்து அழுத்துங்கள். இழுத்து நகர்த்தினால் பசை பக்கத்து முனையில் படியும். அடிக்கடி கழற்றி மாட்டினாலும் பின்கள் குத்தி ஸ்டிக்கர் கெடும். மேலே தெர்மல் பேஸ்ட் நெல்மணி அளவு போதும். ஹீட்சிங்க் 775க்கு உரியதே பொருந்தும். ஆனால் டூயல் கோருடன் வந்த அலுமினியக் கூலர் போதாது, நடுவில் செம்பு உள்ளதைப் போடுங்கள்.

ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே இல்லையென்றால் சிமாஸை (பயோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) கிளியர் செய்து ஒரே ரேமுடன் முயலுங்கள். பிறகு ஸ்டிக்கர் நகர்ந்திருக்கிறதா, பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் சிபியு-இசட் மென்பொருளில் எஸ்எஸ்இ4.1 தெரிகிறதா என்று சரிபார்த்து, அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் இது 2007ஆம் ஆண்டுப் பிராசசர் தலைமுறை. பாப்கவுண்ட், எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைகள் இரண்டும் இதில் இல்லை. அவை இல்லாததால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பூட் ஆகவே செய்யாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எனவே இணையத்தில் இருக்கும் மெஷினுக்கு லினக்ஸ் போடுவதுதான் நியாயம். ரேமுக்கும் பணம் ஒதுக்குங்கள். டிடிஆர்3 ஜி41 போர்டு அதிகபட்சம் 8 ஜிபி எடுக்கும், அதுவும் ஒரு 4 ஜிபி குச்சியில் பதினாறு சில்லுகள் இருந்தால்தான். எட்டுச் சில்லு மட்டும் உள்ள புதிய குச்சியை அது ஏற்காது. கடையில் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து எண்ணி வாங்குங்கள்.