காய்ந்த ஃபோம் ரிங்கும் ஆறு மாதத் திருகலும்

கோத்தகிரிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் கல் பாதை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சைக்கிளை விட்டு இறங்கியபோது, என் இரண்டு உள்ளங்கைகளும் மரத்துப்போயிருந்தன. முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க்கின் காலில் அளவு பார்ப்பதற்காக மாட்டியிருக்கும் ரப்பர் ஓ-ரிங்கைப் பார்த்தேன். 140 மி.மீ. அமுங்க வேண்டிய ஃபோர்க், அத்தனை பெரிய கற்களிலும் 95 மி.மீ.க்கு மேல் அமுங்கவே இல்லை.

ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்று அதிகம் போலிருக்கிறது என்று அழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ.யிலிருந்து 64க்கும், அடுத்த வாரம் 58க்கும் இறக்கினேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புறச் சாய்ந்தது. சிறு கற்களின் அதிர்வோ பழையபடியே கைக்கு வந்தது. அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தை அடக்கும் ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டினேன், பிறகு மூன்று கிளிக் குறைத்தேன். அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷனை முழுவதும் திறந்துவிட்டேன். ஆறு மாதம் இப்படித் திருகிக்கொண்டே இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு முறைகூட ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

என்னிடம் இருப்பது ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் பைக் என்னும் ஃபோர்க் மாடல். அது ஒரு மீனின் பெயர். தமிழில் எழுதினால் மோட்டார் பைக் என்றுதான் யாரும் படிப்பார்கள், அதனால் இனி ஃபோர்க் என்றே சொல்கிறேன். அதன் லோயர் எனப்படும் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும், இந்த வேகங்களைக் கட்டுப்படுத்தும் டாம்பரையும் காற்று அறையையும் 200 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓர் ஆண்டு என்று சற்றுத் தாராளமாகச் சொல்கிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு 50 மணி நேரம் என்பது நான்கு மாதம்தான். நான் இரண்டு ஆண்டுகளாகத் தொடவில்லை. அதோடு, மழைக்காலத்தில் சேறு படிந்த சைக்கிளை இருசக்கர வாகனங்களுக்கான வாட்டர் சர்வீஸில் கொடுத்து, உயர் அழுத்தத் தண்ணீரை நேராக, லோயரின் வாயில் தூசியைத் தடுக்கும் ரப்பர் சீல்களின் மேலேயே அடிக்கவைத்துக் கழுவியிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து கழற்றினேன். முதல் வேலை காற்றை முழுவதும் வெளியேற்றுவது. அதைச் செய்யாமல் கீழே உள்ள போல்ட்டில் கைவைப்பது ஆபத்து. பிறகு வலக்காலின் அடியில் இருக்கும் சிவப்பு ரீபவுண்ட் குமிழை உருவி எடுத்துவிட்டு, இரு கால்களின் அடி போல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, ஆலன் கீயைப் போல்ட்டிலேயே வைத்து, ரப்பர் சுத்தியலால் அதன் மேல் தட்ட வேண்டும். உள்ளே இறுகிப் பிடித்திருக்கும் தண்டு ‘டொக்’ என்று விடுபடுவது கைக்கே தெரியும். தட்டுவதற்கு முன்பே போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டால் அடி நேராகத் தண்டின் மரையில் விழுந்து அது நசுங்கிவிடும்.

அடியில் தட்டை வைத்துக்கொண்டு லோயரை உருவினேன். வலக்காலிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு திரவம் வந்தது. ஆயில் என்று சொல்ல முடியாது, பால் கூடிப்போன டீயின் நிறம். ஆயிலோடு தண்ணீர் கலந்து அடிபட்டால் அந்த நிறம்தான் வரும். இடக்காலிலிருந்து இரண்டு சொட்டு. தூசி சீலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஃபோம் ரிங்கைக் கொக்கியால் நெம்பி எடுத்தபோது அது பழைய பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் போல வறண்டு, ஓரங்களில் செம்மண் ஏறி, விரலில் உதிர்ந்தது.

ஃபோர்க் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் மேல் குழாய் இந்த வளையத்தின் ஊடாகத்தான் வழுக்கிச் செல்கிறது. வளையம் ஆயிலில் ஊறியிருந்தால் குழாயின் மேல் மெல்லிய படலத்தைப் பூசிக்கொண்டே இருக்கும்; காய்ந்துவிட்டால் சீலும், உள்ளே குழாய் உரசிச் செல்லும் புஷ் என்னும் வளையமும் குழாயைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடியை மீறும் அளவுக்குப் பெரிய அடி விழும்வரை ஃபோர்க் அசையாது. சிறு கற்களில் அது வெறும் இரும்புக் கம்பிதான். பிடித்துவைப்பது உராய்வாக இருக்கும்போது காற்றைக் குறைத்து என்ன பயன்? காற்று குறைந்ததால் சைக்கிளின் முகம் தாழ்ந்தது, அவ்வளவே.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். புது வளையங்களை ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தினேன். சீலின் உள் விளிம்பில் சஸ்பென்ஷனுக்கென்றே விற்கும் மெல்லிய கிரீஸைப் பூச வேண்டும். பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸைப் போட்டால் வேறொரு வகைப் பிடிப்பு வந்து சேரும். லோயரைப் பாதிவரை ஏற்றி, போல்ட் துளைகள் வழியே இரு கால்களிலும் ஊசிக்குழாயால் 10 மி.லி. ஆயில் செலுத்தி, முழுவதும் அழுத்தி, புது வாஷர்களோடு போல்ட்டுகளை 7.3 நியூட்டன் மீட்டர் இறுக்கத்துக்கு முடுக்கினேன். ஆயிலின் அளவும் தடிமனும் மாடலுக்கு மாடல் மாறும். சில ஃபோர்க்குகள் ஒரு காலுக்கே 40 மி.லி. கேட்கும் என்பதால் அவரவர் கையேட்டைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

இதற்குப் பிறகுதான் டியூனிங் என்ற பேச்சுக்கே இடம். பையும் ஹெல்மெட்டுமாகப் பெடலில் எழுந்து நின்று, ஓ-ரிங்கைச் சீல்வரை தள்ளிவிட்டு, ஆடாமல் இறங்கிப் பார்த்தால் உடல் எடைக்கு மட்டும் ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்பது தெரியும், அதுதான் சாக். 140 மி.மீ.க்கு 28 மி.மீ., அதாவது 20 சதவீதம், எனக்குச் சரியாக இருக்கிறது. காற்று ஏற்றிய பின் ஃபோர்க்கைப் பத்து முறை மெதுவாக அமுக்கி விட்டால்தான் உள்ளே பிஸ்டனுக்கு மேலிருக்கும் அறையின் காற்றும் கீழிருக்கும் எதிரறையின் காற்றும் சமப்படும்; அதற்கு முன் பார்க்கும் அளவு பொய். ஃபோர்க்குக்குக் காற்று ஏற்றும் ஷாக் பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘புஸ்’ பம்பின் குழாயில் மிஞ்சிய காற்றுதான், ஃபோர்க்கின் காற்று அல்ல. எத்தனை பேர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக ஏற்றுகிறார்கள்!

ரீபவுண்ட் காற்றழுத்தத்தைச் சார்ந்தது. அழுத்தம் கூடினால் திரும்பி வரும் வேகமும் கூடும் என்பதால் சாக் முடிவான பிறகே அதைத் தொட வேண்டும். கைப்பிடியை அழுத்திச் சட்டென்று விட்டால் சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது. தொடர்ச்சியான கற்களில் ஓடும்போது ஃபோர்க் மேலே வர நேரமின்றிக் கீழேயே தங்கிவிடவும் கூடாது. சாக் சரியாக இருந்தும் அடிக்கடி அடிமட்டத்தில் இடித்தால் காற்றறைக்குள் அதன் இடத்தைக் குறைக்கும் டோக்கன் என்னும் துண்டு ஒன்றைக் கூடுதலாகப் போடலாம். கம்ப்ரஷன் குமிழைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் அதைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து மலையேறுகிறவர்களுக்கு ஒன்று. கோவை சுமார் 411 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2.8 பி.எஸ்.ஐ. குறைவு என்பதால் பம்பின் முள் அந்த அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 33 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, 65 பி.எஸ்.ஐ. வைத்திருந்த ஃபோர்க்கில் சுமார் 5 பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடுவதால் காற்றறைக்கு ஊட்டியில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் லோயருக்குள் சிறைப்பட்டிருக்கும் கோவைக் காற்றில்தான். குளிரில் சுருங்கிய பிறகும் அது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருந்துகொண்டு, ஃபோர்க் ஆழமாக அமுங்கும்போது மறுத்துத் தள்ளும். அண்மை ஆண்டுகளின் ஃபாக்ஸ் 36, 38 ஃபோர்க்குகளில் இதற்கென்றே லோயரின் பின்புறம் சிறு பொத்தான்கள் இருக்கின்றன. ஓட்டத்துக்கு முன் ஒரு முறை அழுத்தினால் போதும். என்னுடையதில் அந்த வசதி இல்லை. சிலர் மெல்லிய கேபிள் டையைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே செருகிக் காற்றை விடுகிறார்கள். டையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் குழாயில் கீறல் போட்டுவிட்டால் அதன் விலை பல ஆயிரம் என்பதால் நான் செய்வதில்லை. கோடையில் மலையில் ஒரு வாரம் தங்கி ஓட்டப்போகிறேன் என்றால், லோயர் சர்வீஸையே அங்கே போய்ச் செய்துகொள்கிறேன்.

சர்வீஸுக்குப் பின் அதே கோத்தகிரிப் பாதையில் 68 பி.எஸ்.ஐ. வைத்து இறங்கினேன். ஓ-ரிங் 128 மி.மீ.யில் நின்றது. இப்போது ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முந்தின இரவு, ஆயில் ஃபோம் ரிங்கை நனைக்கட்டும் என்று சைக்கிளைப் பத்து நிமிடம் தலைகீழாக நிறுத்திவைக்கிறேன். வீட்டில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.