"ரத்தத்துலயே இருக்கும்மா"

வேட்டையில் அழிந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் திரும்பி வந்ததைப் பற்றிய பாடம். மணியடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். சரியான பதில் சொல்ல அது போதும்.

"வழி தெரிஞ்சதை எல்லாம் கொன்னுட்டாங்கன்னு சொன்னீங்களே மிஸ். அப்புறம் யாரு கூட்டிட்டு வந்தா?"

"அது ரத்தத்துலயே இருக்கும்மா" என்றேன்.

கூன்முதுகுத் திமிங்கிலக் குட்டி வழியைத் தாயிடம்தான் கற்கிறது. வெதுவெதுப்பான கடலில் பிறக்கும்போதே நாலு மீட்டருக்கு மேல் நீளம். ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, குளிர் தாங்காது. தாய் அங்கே அநேகமாக ஒன்றும் தின்பதில்லை; சேர்த்து வைத்த கொழுப்பையே பாலாக்கிக் கொடுக்கிறது. சில மாதம் கழித்துக் குட்டி தாயை ஒட்டியே நீந்தி அண்டார்டிகாப் பக்கம் போகிறது. இரை எங்கே கிடைக்கும் என்பது அந்த முதல் பயணத்தில் பதிகிறது. குட்டியோடு இருக்கும் தாய் அலை குறைந்த ஆழமில்லாத கரையோரத்தைத் தேடும். வேட்டைக்காரனுக்கும் அதுதான் வசதியாகப் போயிற்று. ஆஸ்திரேலியாவின் டங்கலூமா என்ற ஒரே திமிங்கில வேட்டை நிலையத்தில் 1952 முதல் 1962 வரை 6,277 திமிங்கிலங்களை அறுத்தார்கள். பிறகு நிலையத்தை மூடினார்கள். பிடிக்கத் திமிங்கிலம் இல்லை.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் மிஞ்சியவை சில நூறு. அவைதான் கூட்டி வந்தன. அவளுக்கு அதைச் சொல்லியிருக்கலாம். ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம் பெருகினால், கூட்டு வட்டிக் கணக்கில் ஏழாண்டுக்குள் இரட்டிப்பு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி ஈனும் உடம்புக்கு இதற்கு மேல் வேகம் கிடையாது. 2015இல் 24,500 அளவுக்கு வந்துவிட்டன.

நான் சொன்னது முழுப் பொய்யில்லை என்றும் தோன்றும். ஒவ்வொரு இனப்பெருக்கக் கடலிலும் தாய்வழி மரபணு வேறுபடுகிறது, ரத்தத்தில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தாய் போன இடத்துக்கே பிள்ளையும் போனதால் வந்த வேறுபாடு அது. ரத்தம் வழி காட்டவில்லை. நடந்த வழி ரத்தத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

"வேட்டையை நிறுத்தினோம், திரும்பி வந்தன" என்று கரும்பலகையில் எழுதியதும் உறுத்துகிறது. தென்கோளத்தில் 1963இல் தடை வந்த பிறகும் சோவியத் கப்பல்கள் பொய்க் கணக்குக் காட்டிப் பிடித்தன. 1966இல் அரபிக்கடலிலும் 200க்கு மேல் கொன்றன. அந்தக் கூட்டம் அண்டார்டிகா போவதேயில்லை, வருடம் முழுக்க அரபிக்கடல்தான். வெளியிலிருந்து வந்து சேரும் கூட்டமும் இல்லை. ஓமன் கரையோரம் இன்றும் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை என்கிறது கணக்கு. தர்மபுரிப் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியாவை விட அது கிட்டத்துக் கடல். அதைச் சொல்லாமல், திரும்பி வந்ததை மட்டும் சொன்னேன்.

சொல்லியிருந்தால்? பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை. அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பொங்கலுக்குத்தான் வருவார். கேள்வி திமிங்கிலத்தைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உண்மையைச் சொல்வதில் என்ன தயக்கம்? "தாய் செத்தால் குட்டிக்கு வழி தெரியாமல் போகலாம்" என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம், முப்பத்தெட்டுப் பேர் முன்னால், இன்றைக்கும் சொல்வேனா என்று தெரியவில்லை.

அந்த வாரம் நோட்டுத் திருத்தினேன். வால் படம் அழகாக வரைந்திருந்தாள். கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைத் திட்டு, ஓரத்து வெட்டு எல்லாம் இருந்தது. கீழே "வழி ரத்தத்திலேயே இருக்கும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்கும் சரி போட்டுக் கொடுத்தேன்.