கொக்கி இல்லாத தூண்டில்

போச்சம்பள்ளி பக்கம் எங்கள் ஊர் ஏரியில் மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிறேன். சந்தைக்குப் போய் வந்ததும் இதுதான் வேலை. மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. ஏரியை ஏலம் எடுத்த அண்ணனிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். "ஜிலேபி எவ்ளோ வேணா புடிச்சுக்கோங்க, கட்லா குஞ்சு மாட்டுனா மட்டும் வுட்ருங்க" என்றார்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் கூட வருவாள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

முதல் வாரம் மண்புழுவைக் கொக்கியில் கோர்க்கும்போது "அதுக்கு வலிக்காதா?" என்றாள். வலிக்காது என்றேன். "அப்புறம் ஏன் நெளியுது?" அடுத்த வாரமே மைதாவுக்கு மாறினேன். வெறும் மாவு தண்ணீரில் கரைந்துவிடும். பஞ்சு பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் நிற்கும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்தேன். "பஞ்சை முழுங்குனா மீனுக்கு வயிறு வலிக்காதா?" சரி, பஞ்சும் வேண்டாம். இப்போது உருண்டைகளைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுக்கிறேன். இறுகிக்கொள்கிறது, கொக்கியிலும் நன்றாக நிற்கிறது. இதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஐந்தாவது வாரம்தான் மோசம். உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று மாட்டியது. கரையில் போட்டதும் வாயிலிருந்து மஞ்சள் மஞ்சளாகக் கடுகை விடப் பெரிய முட்டைகள் கொட்டின. ஜிலேபியில் தாய்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்காது. அன்று ஏனோ வெடுக்கென்று கவ்விவிட்டது. மகள் இரண்டு கையிலும் தண்ணீர் மொண்டு, மண்ணில் கிடந்த முட்டைகளை ஒவ்வொன்றாக அள்ளினாள். "திரும்ப வாயிலயே வெச்சிடலாமாப்பா?" மீனை விட்டேன், அது போய்விட்டது. முட்டைகளை அவள் கரையோரம் தண்ணீரில் விட்டாள். பிழைத்திருக்காது. அவளிடம் சொல்லவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். 2003இல் பிரிட்டனில் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷமும் அசிட்டிக் அமிலமும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அவை வெகுநேரம் இரை எடுக்கவில்லை. அமிலம் ஏறியவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. வலியை உணர்வதற்கான மூளைப் பகுதியே மீனுக்குக் கிடையாது என்று மறுப்பவர்களும் உண்டு. மறுப்பு எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கொக்கியைப் பிடுங்கும்போது மீன் துடிப்பதை நான் கையில் பிடித்துப் பார்த்தவன்.

அடுத்த வாரம் கொக்கி நுனிக்குக் கீழே பின்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கினேன். அன்று எட்டு மாட்டியதில் மூன்று கழன்று ஓடிவிட்டன. ஆனால் மற்றவற்றைக் கழற்ற ஒரு நொடிதான் ஆனது, உதடு கிழியவில்லை. அவற்றைத் திரும்ப ஏரியிலேயே விட்டேன். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்கிறேன். காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும்.

ஏலம் எடுத்த அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "அத ஏங்க திரும்ப வுடுறீங்க? கட்லாவுக்குப் போடுற தீனியெல்லாம் அதுதான் தின்னுது." அவர் சொல்வதும் நியாயம்தான். ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இப்போது நான்கு மீன் குழம்புக்கு எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறேன்.

"அவரு விக்கிறதுக்குப் புடிக்கிறாரு. நாம வெளயாடத்தான புடிக்கிறோம்? மீனுக்கு இது வெளயாட்டுன்னு தெரியுமா?" என்று வண்டியில் வரும்போது கேட்டாள். மேடு வந்தது, கியரை மாற்றினேன்.

போன ஞாயிறு தனக்கும் ஒரு கழி வேண்டும் என்றாள், கொக்கி இல்லாமல். நரம்பு நுனியில் மாவை மட்டும் முடிந்து கொடுத்தேன். தக்கை முங்கும்போதெல்லாம் கத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று, எனக்கு நான்கு. அரைக் கிலோ மைதா தீர்ந்துவிட்டது.