கிடங்கிலிருந்து பார்க்கும் சூப்பர் பவுல்

விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மளிகை விநியோகக் கிடங்கில் கொள்முதல் திட்டமிடுவது என் வேலை. எந்தக் கடைக்கு எந்த வாரம் எவ்வளவு சரக்கு போக வேண்டும் என்று கணக்கிட வேண்டும். நவம்பரில் வான்கோழி, டிசம்பரில் மாவும் சர்க்கரையும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு விளையாட்டுப் போட்டிக்காக ஒரு துறையே இலையுதிர் காலத்தில் வேலையைத் தொடங்கும் என்பதை இங்கே சேர்ந்த பிறகுதான் கற்றேன்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை நடக்கிறது. அன்றைய விருந்தில் கோழி இறக்கை இல்லாமல் இருக்காது. ஒரு கோழிக்கு இரண்டே இறக்கைகள். இறக்கைக்காக மட்டும் யாரும் கோழி வளர்ப்பதில்லை. அதனால் பல வாரங்களுக்கு முன்பிருந்தே அவற்றை உறைய வைத்துச் சேமித்து வருவார்கள். அவகாடோ அதைவிட நுட்பமானது. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து காயாக லாரியில் வருகிறது. எத்திலீன் வாயு செலுத்திய அறையில் பழுக்கவைத்து, வெள்ளி, சனிக்கிழமைகளில் விரலால் அழுத்தினால் இளகும் பதத்தில் கடைக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் கறுத்துவிடும், பிந்தினால் யாரும் வாங்க மாட்டார்கள். 2022இல் ஆட்டத்தை ஒட்டிய நாட்களில், மெக்சிகோவில் பணியிலிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததால் இறக்குமதி நிறுத்தப்பட்டது. விருந்துக்கான பழம் அதற்குள் எல்லையைத் தாண்டியிருந்தது. ஒரு வாரத்தில் தடை நீங்கும்வரை எங்கள் பிரிவில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பசி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். 1960இல் லாமர் ஹன்ட் போன்ற அணி முதலாளிகள் என்எஃப்எல் என்ற பழைய லீக்குக்குப் போட்டியாக ஒரு புதிய லீக்கைத் தொடங்கினார்கள். வீரர்களை ஏலம்போல் இழுத்துக்கொண்டு இரு தரப்பும் பணத்தைக் கரைத்தபின், 1966இல் இணைவதற்கு ஒப்புக்கொண்டன. அந்த உடன்பாட்டின் விளைவாக 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதல் போட்டி நடந்தது. எங்கள் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை 35-10 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் 61,946 பேர். அரங்கின் இருக்கைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலி. இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஒளிபரப்பின. பேக்கர்ஸின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி 1970இல் இறந்த பிறகு கோப்பைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 1923 முதல் அதன் பங்குகள் பொதுமக்களிடம் இருக்கின்றன. ஆதாயம் தராத, விற்றுப் பணமாக்க முடியாத பங்கு. அப்படி ஒன்றைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார் எங்கள் கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். முதல் போட்டி நடந்தபோது அவர் சிறுவன். அக்கம்பக்கத்தார் எல்லோரும் தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டில் கூடினார்களாம். "யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பது நினைவிருக்கிறது, ஆட்டம் அவ்வளவாக நினைவில்லை" என்றார்.

என் கணக்கேடும் அதையே சொல்கிறது. 2011 பிப்ரவரியில் பேக்கர்ஸ் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்ற ஆண்டுபோல் எங்கள் அணி ஆடினால் விற்பனை கூடத்தான் செய்யும். ஆனால் வேறு ஊர் அணிகள் இரண்டு மோதும் ஆண்டிலும் அது பெரிதாகச் சரிவதில்லை. ஆட்ட விதி தெரியாதவர்களும் கூடுகிறார்கள். சிலர் விளம்பரத்துக்காக, சிலர் இடைவேளை இசைக்காக. 1992இல் ஆட்டத்தை ஒளிபரப்பாத வேறொரு சேனல் இடைவேளையில் பார்வையாளர்களை இழுத்துக்கொண்டது. மறு ஆண்டு மைக்கேல் ஜாக்சனை மேடையேற்றினார்கள். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் வாத்தியக் குழுக்களின் அணிவகுப்பாக இருந்த அந்தச் சில நிமிடங்கள் அதன் பிறகு தனி நிகழ்ச்சியாகிவிட்டன. 2025 ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 12.77 கோடிப் பேர் பார்த்தார்கள். அவரவர் திரையில் அவரவர் பார்க்கும் காலத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒன்றைப் பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தப் போட்டி வாழ்வது அரங்கில் அல்ல, வீடுகளில். அந்த வீடுகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அதே வேளையில் மைக் வெப்ஸ்டரை என்னால் மறக்க முடியவில்லை. ஸ்டீலர்ஸ் அணிக்காக நான்கு முறை இந்தப் பட்டத்தை வென்றவர். 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடிகளால் வந்த சேதத்தை அவர் மூளையில் கண்டறிந்தவர் மருத்துவர் பென்னட் ஒமாலு. லீக் அதை ஏற்கப் பல ஆண்டுகள் மறுத்தது. அந்த மறுப்பை நான் மன்னிக்கவில்லை. அதன் பிறகும் ஆட்டத்தைப் பார்க்கிறேன், மோதல்கள் வரும்போது முன்புபோல் கைதட்டுவதில்லை.

2027இல் ஆட்டம் பிப்ரவரி 14 அன்று வருகிறது. மறுநாள் அதிபர் தினம், அரசு விடுமுறை. மளிகைக் கிடங்குக்கு அது வேலைநாள்தான். கடைகளில் காலியான அலமாரிகளை நிரப்ப ஞாயிறு இரவே லாரிகள் கிளம்ப வேண்டும். அந்த இரவுப் பணியாளர்களுக்கு ஆட்டம் முடிந்த பிறகு வேலையைத் தொடங்க அனுமதி வேண்டும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும் கையெழுத்திட்டிருக்கிறார்.