ஒன்பது மலர்கள் ஒதுங்கிய கரைகள்

அகத்தியரின் சீடரான உரோமச முனிவர் தாமிரபரணியில் மிதக்கவிட்ட ஒன்பது தாமரை மலர்கள் கரையொதுங்கிய இடங்களே நவகயிலாயங்கள் என்பது தலபுராணம். பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் இந்த யாத்திரையில், கோள்களுக்குரிய சிவத்தலங்களோடு, பொதிகை அடிவாரம் முதல் கடலருகு வரை ஒரு நதி தன் மரங்களை எங்கெங்கே இழந்திருக்கிறது என்பதையும் கண்டுவிடலாம்.

பாபநாசத்தில் உலகம்மை சந்நிதி முன்னுள்ள உரலில் பெண்கள் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். பாபநாசநாதரை வணங்கிவிட்டுப் படித்துறையில் இறங்கினால், நீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கரையோர மருதமரத்தின் வேர்களில் நிறம் வெளுத்த சேலை ஒன்று முறுக்கிக் கிடக்க, அதன் மடிப்புகளில் ஷாம்பு உறைகள் சிக்கியிருந்தன. உடுத்திய ஆடையை ஆற்றில் விட்டால்தான் பாவம் தீரும் என்று எந்த ஆகமம் விதித்ததோ! இந்த நதி கோடையிலும் ஓடுவதற்குக் காரணம், பெய்த மழையை இலைச்சருகிலும் வேரடி மண்ணிலும் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடும் சோலைக்காடுகளே. அந்த மலைத்தொடரில் சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட சுமார் 8,374 ஏக்கரில்தான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன.

நவகயிலாயக் கணக்கில் சேராவிட்டாலும், கடனாநதி வந்து கலக்கும் திருப்புடைமருதூரை விட்டுவிட மனம் வரவில்லை. கருவூர்ச் சித்தரின் குரலுக்குச் செவிசாய்த்த கோலத்தில் சற்றே சரிந்திருக்கும் நாறும்பூநாதருக்கு மருதே தலமரம். கோயிலைச் சுற்றிய பெருமரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. 2005-இல் இவ்விடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கிழக்கே போகப் போக நிழல் குறைகிறது. நதி வடக்கு நோக்கித் திரும்புவதால் தட்சிண கங்கை எனப் போற்றப்படும் முறப்பநாட்டில் குருவுக்குரிய கயிலாயநாதரைத் தரிசித்தோம். மணல் அள்ளிய ஆற்றில் படுகை தாழும், கிணற்று நீர் இறங்கும், கரைமரத்தின் வேர் வெளியே தெரியும். மரம் சாய்ந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ளும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் மணல் அள்ளத் தடை விதித்தது என்றாலும், ஆறு இழந்த மணல் ஒரு தலைமுறைக்குள் திரும்பி வருவதில்லை.

கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் அமலைச்செடி நீரை மூடியிருந்தது. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் ஞாயிறு, நவகயிலாய யாத்திரைக்கு உகந்த நாள். அன்றுதான் பெருமழை இறங்கி இவ்வூரைத் தீவாக்கியது. அத்தனை மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கியிருக்காது. எனினும் மண்மேடும் முள்மரமும் அடைத்த ஆற்றில் வெள்ளத்துக்கு வழி குறைவு. அடுத்துள்ள ராஜபதியில் பழைய கோயிலையே முன்னொரு வெள்ளம் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். இப்போதிருப்பது புதிதாக எழுப்பியது.

சேர்ந்தபூமங்கலத்தில் அர்ச்சனை முடிந்து நின்றபோது, 2028-இல் முடியவேண்டிய அந்த மாஞ்சோலைக் குத்தகை நிலம் மீண்டும் சோலையாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு அடிவாரத்தில் ஒரு வீடும் பிழைப்பும் அமைய வேண்டும் என்பதையும் அதே வேண்டுதலில் சேர்க்க வேண்டியிருந்தது.